அரைப் புத்தகம் முன்னால்

புத்தகத்தை பிளேடால் அறுக்கிற ஒரு பெண்மணியோடு பதினோரு வருஷம் ஒரே சீட்டில் உட்கார்ந்து வேலைக்குப் போனேன். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அறுப்பார். பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் ஏழு இருபது வண்டி கிளம்புவதற்கு முன்னால் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஐந்நூறு பக்க நாவலை மடியில் விரித்து, நடுவில் ஒரு அத்தியாயம் முடிகிற இடமாகப் பார்த்து, முதுகுத் தையல் வரைக்கும் ஒரே இழுப்பு. வாழைத்தண்டு நறுக்குகிற மாதிரி அவ்வளவு நிதானம். பக்கத்து சீட்டுக்காரர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் ஒரு தடவை பொறுக்க மாட்டாமல் எழுந்து வந்து, "ஏனுங்கம்மா, சரஸ்வதிங்க அது" என்றே கேட்டுவிட்டார். இவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஒரு சரஸ்வதிய ரெண்டு பேரு கும்புடறமுங்க" என்று சொல்லிவிட்டு, முதல் பாதியைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். பெயர் உண்டு, எழுத மாட்டேன். எழுதினால் யாராவது படித்துவிட்டுப் போய் அவரிடம் சொல்வார்கள். அவரும் "அப்படீங்களா" என்று கேட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடுவார். அந்த "அப்படீங்களா"வை நினைத்தாலே எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

சுந்தராபுரத்துக்குள் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் எங்களுக்கு வேலை. நான் டெஸ்பாட்ச். எந்த ஊருக்கு எந்த லாரியில் எத்தனை பம்ப் ஏறுகிறது என்று பார்த்து அனுப்புகிற பிரிவு. அக்கா மேனேஜர் அறைக்கு வெளியே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார். யாருக்கு லீவு, யாருக்கு மெமோ, யாருக்கு பிரமோஷன் என்று எல்லாக் காகிதமும் அவர் விரல் வழியாகத்தான் வெளியே வரும். என் அப்பா அடுத்தவர் தோப்பில் தென்னை மரம் ஏறியவர். எங்கள் குடும்பத்தில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான்தான். வீட்டில் பைபிளையும் காலண்டரையும் தவிர அச்சடித்த பொருள் எதுவும் கிடையாது. கதைப் புத்தகம் என்று ஒன்றை முதன்முதலில் என் கையில் கொடுத்தவர் அக்கா. அதையும் பாதியாகத்தான் கொடுத்தார்.

முறை இதுதான். முதல் பாதி அவருக்கு. அவர் முடித்ததும் அது எனக்கு வரும், அவர் இரண்டாவது பாதிக்குப் போய்விடுவார். இரண்டு பேரும் முடித்த பிறகு மைதாப் பசை காய்ச்சி, துணி வைத்து, இரண்டு பாதியையும் சேர்த்து ஒட்டிவிடுவார். ஒட்டிய இடம் புடைத்துக்கொண்டு நிற்கும், அதனால் என்ன, படிக்க முடியும் அல்லவா. ஆக, வருஷக் கணக்காக நான் அவருக்கு அரைப் புத்தகம் பின்னாலேயே இருந்தேன். கதை எங்கே போய் முடியும் என்பது எனக்குப் பக்கத்தில் ஒரு சாண் தூரத்தில், காட்டன் சேலை கட்டிக்கொண்டு, கடலை கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நான் விடுவேனா?

"அக்கா, அந்தப் பொண்ணு கடைசில அவங்கூடப் போயிருமுங்களா?"

"படிங்க அம்மணி. வருமுங்க."

"போகுமா போகாதா, அத மட்டும் சொல்லிப்போடுங்க. மீதிய நான் படிச்சுக்கறேன்."

"கோவில்பாளையத்துல மழை பேஞ்சிருக்குது பாருங்க. ரோடெல்லாம் ஈரம்."

இதுதான் அக்கா. சத்தியமாகச் சொல்கிறேன், கல்லைக்கூடப் பேச வைத்துவிடலாம். ஒரு தடவை ஒரு கதையில் ஒரு வக்கீல் வந்தார். ஏழைகளுக்குக் காசு வாங்காமல் வாதாடுகிறவர், தங்கமான மனிதர். நான் முதல் பாதியில் அவரைப் படித்துவிட்டு அக்காவிடம் நான்கு நாள் அவர் புராணமே பாடினேன். "ஆமாங்க, நல்ல மனுசன்" என்று அவரும் தலையாட்டினார். இரண்டாவது பாதி கைக்கு வந்த பிறகு பார்த்தால், கதையில் விழுந்த மூன்று கொலையையும் செய்தது அந்த ஆள்தான். பஸ்ஸென்றும் பார்க்காமல் அக்காவின் தொடையில் கிள்ளினேன். அவர் கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார். "மொதல்லயே சொல்லியிருந்தா அந்தாள நாலு நாளு நம்பியிருப்பீங்களா? அந்த நாலு நாளு நல்லாருந்துச்சல்ல?" என்றார். நல்லாத்தான் இருந்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

புத்தகத்தில் மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்து, பேசி, முடிவு செய்து, பத்திரிகை அச்சுக்குப் போகிற வரைக்கும் எனக்குத் தெரியாது. காலை ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், ஒரு வார்த்தை கிடையாது. எனக்கு முகம் சுண்டிவிட்டது. "உப்புச் சக்கரை மாத்தாம வெளிய சொல்லக்கூடாதுங்க அம்மணி" என்றார். இரண்டு வீட்டாரும் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொண்டால்தான் சம்பந்தம் உறுதி என்பது அவர்கள் பக்கத்து வழக்கம். சரி, வழக்கம் என்று விட்டுவிட்டேன். கல்யாணத்தில் முதல் பந்தியில் என்னைத்தான் உட்கார வைத்தார்.

அடுத்தது என் அப்பா இறந்த நாள். டெஸ்பாட்சில் வேலை செய்கிறவர்கள் செல்போனை கேட்டிலேயே கொடுத்துவிட வேண்டும். அதனால் என் அண்ணன் ஆபீஸ் நம்பருக்கு அடித்திருக்கிறான். எடுத்தது அக்கா. அப்போது மணி பதினொன்று. அவர் என்னிடம் வந்தது பன்னிரண்டரைக்கு, டிபன் டப்பாவோடு. "உங்கப்பாவுக்குக் கொஞ்சம் மேலுக்குச் சரியில்லீங்களாம். சாப்புடுங்க, சேந்தே போயிட்டு வந்துரலாம்" என்றார். பக்கத்திலேயே நின்று கடைசி வாய் வரைக்கும் சாப்பிட வைத்தார். பஸ்ஸில் ஏறியதும் பையிலிருந்து அடுத்த பாதியை எடுத்து, "நேரம் போகோணுமல்ல, படிங்க" என்று கையில் வைத்தார். நானும் படித்தேன். அப்பா போய்ச் சேர்ந்தது தெரியாமல் முப்பது பக்கம் படித்தேன். எங்கள் தெருமுனையில் ஆட்டோவை நிறுத்தி, என் கையைப் பிடித்துக்கொண்டு, அப்புறம்தான் சொன்னார்.

அன்றைக்கு அது எனக்குப் பெரிய அன்பாகத் தெரிந்தது. அடக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பிய நாளில் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "நீங்க பண்ணுனது நல்ல காரியமுங்கக்கா, இல்லாட்டி அந்த ஒரு மணி நேரம் பஸ்ஸுல நான் செத்தே போயிருப்பேன்" என்று அழுதேன். இப்போது யோசித்தால் என் வாயிலேயே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது. என்னிடம் எதை மறைத்தாலும் நன்றி சொல்லுவேன் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

நாற்பதைத் தாண்டியதும் எனக்குக் கண் தகராறு பண்ண ஆரம்பித்தது. குலுங்குகிற பஸ்ஸில் பொடி எழுத்தைப் படித்தால் சுந்தராபுரம் வருவதற்குள் மண்டை தெறிக்கும். கண்ணாடி போட்டும் பிரயோஜனமில்லை. அக்காவுக்கும் அதே கதை. அவர் மகள் பெங்களூரிலிருந்து வரும்போது மின்னெழுத்தில் புத்தகம் படிக்கிற கருவி ஒன்றை வாங்கி வந்து அம்மாவுக்குக் கொடுத்தாள். கூடவே தன்னுடைய பழையதையும் எனக்கென்று கொடுத்தனுப்பினாள். பார்ப்பதற்குப் பள்ளிக்கூடத்து சிலேட்டு போலவே இருந்ததால் நாங்கள் அதை சிலேட்டு என்றே கூப்பிட்டோம். இரண்டுக்கும் ஒரே அக்கவுண்ட். ஒரு புத்தகம் வாங்கினால் இரண்டிலும் திறக்கும். "இனி அறுக்க வேண்டாமுங்க" என்று அக்கா குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். பிளேடை அன்றைக்கே பஸ் ஜன்னல் வழியாகத் தூக்கிப் போட்டார். பின்னால் பைக்கில் வந்தவர் ஹாரன் அடித்துக்கொண்டே வந்து திட்டிவிட்டுப் போனார்.

எனக்கு அந்தச் சனியன் சுலபத்தில் பழகவில்லை. முதல் வாரம் பூராவும் விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுக் கண்ணாடியைத் தேய்த்தேன். பக்கம் ஈரமானதுதான் மிச்சம். கட்டைவிரல் தெரியாமல் பட்டுவிட்டால் பத்துப் பக்கம் ஓடிவிடும். எங்கே விட்டோம் என்று திரும்பித் தேடுவதற்குள் ஒத்தக்கால்மண்டபம் வந்துவிடும். பழக்க தோஷத்தில் பஸ் டிக்கெட்டை அடையாளத்துக்குச் சொருகப் பார்த்தேன், அது வழுக்கிக் கீழே விழுந்தது. செக்கிங்காரர் வந்து டிக்கெட் கேட்டபோது இரண்டு பேரும் சீட்டுக்கு அடியில் குனிந்து தேடினோம். கண்டக்டர், "என்னங்கம்மா, போனு பெருசா இருக்குது, கலரே வரலையே, ரிப்பேருங்களா?" என்று விசாரித்தார். காலையில் மிக்சிக்கு சுவிட்ச் கிடைக்காது, சிலேட்டு சார்ஜில் கிடக்கும். சட்னி முக்கியமா, கதை முக்கியமா என்று என் வீட்டுக்காரர் கேட்பார்.

எல்லாவற்றையும்விட என்னைப் படுத்தியது அதன் கனம்தான். கதை ஆரம்பத்திலும் அதே கனம், முடிகிற இடத்திலும் அதே கனம். காகிதப் புத்தகத்தில் வலது கைப் பக்கம் மெலியும்போதே மனது தயாராகிவிடும், இனி யாரோ சாகப்போகிறார்கள் அல்லது சேரப்போகிறார்கள் என்று. இதில் அடியில் பொடி எழுத்தில் முப்பத்தேழு சதவீதம், ஐம்பத்தாறு சதவீதம் என்று மார்க் போடுகிறது. எழுபதில் நிற்கிறோம் என்று நினைத்தால் கதை எண்பத்தைந்திலேயே முடிந்துபோய், மீதியெல்லாம் அடுத்த புத்தகத்துக்கு விளம்பரம். "எத்தன இருக்குதுன்னே தெரியாம என்னத்தப் படிக்கறதுங்கக்கா?" என்று புலம்பினேன். "தெரியாம இருக்கறதுதானுங்க சொகம்" என்றார் அக்கா.

ஆனால் ஒரு விஷயம் எனக்குப் பிடித்திருந்தது. முதல் தடவையாக இரண்டு பேரும் ஒரே நாளில் ஒரே புத்தகத்தை ஆரம்பித்தோம். நான் பின்னால் இல்லை. அதாவது, அப்படி நினைத்தேன். அக்கா வீட்டுக்குப் போயும் படித்துவிடுவார். ஒரு நாள் காலையில் நான் சிலேட்டைத் திறந்ததும் நடுவில் ஒரு கட்டம் வந்து நின்றது. இன்னொரு கருவியில் இதைவிட முன்னால் படித்திருக்கிறார்கள், அங்கே போக வேண்டுமா என்று கேட்டது. பஸ் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது, என் விரல் "ஆம்" என்பதில் பட்டுவிட்டது. நேராகக் கடைசி அத்தியாயம். கதாநாயகியை எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

"அக்கா, செத்துப் போயிட்டாளுங்களா?"

அக்காவுக்கு முகம் கறுத்தே போனது. பதினோரு வருஷத்தில் அவருக்குக் கோபம் வந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். என் மேல் இல்லை, சிலேட்டின் மேல். "இது நல்லாலீங்க. நான் எங்க இருக்கறேன்னு இது எதுக்குங்க உங்ககிட்டச் சொல்லுது?" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை என் சிலேட்டையும் வாங்கிக்கொண்டு போய், மகளிடம் போனில் கேட்டுக் கேட்டு, அந்தக் கட்டம் இனி வராதபடி செய்து, திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்தார். எனக்காக ஒரு லீவு நாளை முழுசாகச் செலவழித்தாரே என்று உருகிப் போனேன். உருகுவதற்கு எனக்கு எப்போதும் ஒரு காரணம் கிடைத்துவிடும்.

ஆடி மாதத்தில் எனக்கு வேறொரு வேலை வந்தது. பொள்ளாச்சியிலேயே, எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், தென்னை நார் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனி. ஆபீசுக்கு அனுபவமுள்ள ஆள் வேண்டும் என்று முதலாளியே கூப்பிட்டார். சம்பளம் அதேதான், பஸ் அலைச்சல் கிடையாது. என் வீட்டுக்காரருக்குக் கொப்பரைக் களத்தில் மூட்டை தூக்கித் தூக்கி இடுப்பு போயிருந்தது. மகள் அப்போதுதான் காலேஜில் சேர்ந்திருந்தாள். வீடு என் சம்பளத்தில்தான் ஓடியது. போவதா இருப்பதா என்று மூன்று நாள் தூக்கம் வரவில்லை. நான்காம் நாள் பஸ்ஸில் அக்காவிடம் கேட்டேன்.

"நம்ம கம்பெனியில எனக்கு ஒண்ணும் பயமில்லீங்களே அக்கா? இருந்துக்கலாமுங்களா? இல்ல அங்க போகட்டுமா? நீங்க சொல்றதுதானுங்க."

அக்கா சிலேட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். ஜன்னலைப் பார்த்தார். "உங்க மனசு என்னங்க சொல்லுது?" என்றார்.

என் மனசு என்ன சொல்லும்? "போனா சௌரியந்தான். ஆனா நம்ம படிப்பு நின்னுபோயிருமுங்கக்கா. அங்க யாரு எங்கூடப் படிக்கப்போறாங்க" என்றேன்.

"அப்பறம் என்னங்க" என்றார் அக்கா.

அவ்வளவுதான். அந்த சீட்டிலேயே, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, நார் கம்பெனி முதலாளிக்கு போன் போட்டு, வர முடியாதுங்க, மன்னிச்சுக்கோங்க என்று சொன்னேன். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் போனை வைத்ததும் கடலை மிட்டாயை இரண்டாக உடைத்து, பெரிய துண்டை எனக்குக் கொடுத்தார்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து சிலேட்டை எடுத்தால் அசையவே இல்லை. என் மகள் வாங்கி அமுக்கி அணைத்துத் திரும்பப் போட்டாள். நான் எப்போதும் பார்க்கிற பக்கத்துக்குப் பதிலாக வேறொரு பக்கம் திறந்தது. இறக்கி வைத்த புத்தகங்கள் மட்டுமல்லாமல், அந்த அக்கவுண்டில் இருக்கிற அத்தனையும் வரிசையாக நின்றது. அட்டைப் படமில்லாத சிலதும் இருந்தன. "அம்மா, பெரியம்மா என்னென்னவோ அனுப்பி வெச்சிருக்காங்க" என்று மகள் சிரித்தாள். ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு மெயில் விலாசத்துக்கு அனுப்பினால் எந்தக் காகிதமும் சிலேட்டில் வந்துவிடும் என்று அக்காவுக்கு அவர் மகள் சொல்லிக் கொடுத்திருந்தாள். பெரிய எழுத்தில் வைத்துப் படிக்கலாம் அல்லவா. கம்பு அடை செய்முறை இருந்தது. ஒரு மாரியம்மன் பாட்டு இருந்தது. அதற்குக் கீழே லிஸ்ட் ஒன்று, லிஸ்ட் இரண்டு, லிஸ்ட் ஃபைனல்.

வாங்க வேண்டிய புத்தகங்களின் லிஸ்ட் என்று நினைத்துத் திறந்தேன். டெஸ்பாட்ச் வேலையை வெளியே கான்ட்ராக்ட் விடப்போகிறார்கள். அதனால் நிறுத்தப்போகிற ஒன்பது பேர். நாலாவது நான்.

ஆபீஸ் கம்ப்யூட்டரின் பொடி எழுத்து அக்காவின் கண்ணுக்குத் தெரியாது. பேரெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி மேனேஜர் கொடுத்திருப்பார். அதைத் தன் சிலேட்டுக்கு அனுப்பி, பெரிய எழுத்தில் வைத்துச் சரி பார்த்திருக்கிறார். தன் கையில் இருப்பதற்கு மட்டும்தான் போகும் என்று நினைத்துவிட்டார் பாவம். ஒரே புத்தகத்தை இரண்டு பேர் படிக்க வேண்டும் என்று ஒரே அக்கவுண்டில் போட்டது நாங்கள்தானே. முதல் லிஸ்ட்டில் என் இனிஷியல் தப்பாக இருந்தது. இரண்டாவதில் சரியாக இருந்தது. திருத்தியது யார் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

முதல் லிஸ்ட்டின் தேதியைப் பார்த்தேன். நார் கம்பெனிக்கு நான் வரமாட்டேன் என்று சொன்ன நாளுக்கு இரண்டு வாரம் முன்னால் போட்டது. அடித்துப் பிடித்து அந்த முதலாளிக்கு போன் செய்தேன். "அடடா, அந்த எடத்துக்கு ஆள் போட்டுப்போட்டமுங்களே அம்மா" என்றார். போனை வைத்துவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்தேன். மகள் என்னம்மா என்னம்மா என்கிறாள். என்னவென்று சொல்ல?

திங்கட்கிழமை அக்கா வழக்கம் போல எனக்கு இடம் போட்டு வைத்திருந்தார். பஸ் ஊரைத் தாண்டுகிற வரைக்கும் பொறுத்துக்கொண்டேன். அப்புறம் லிஸ்ட்டைத் திறந்து சிலேட்டை அவர் மடியில் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"இது உங்களுக்கு எப்படீங்க வந்துச்சு?"

"அட கெரகமே! அதுதானா இப்பப் பெருசு?" கத்திவிட்டேன். முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பினார்கள். திரும்பட்டும். "இதே சீட்டுல உக்காந்து கேட்டனா இல்லீங்களா? போகட்டுமா இருக்கட்டுமான்னு கேட்டனா?"

"கேட்டீங்க."

"அன்னைக்கே உங்களுக்குத் தெரியும்."

"தெரியுமுங்க." குரல் கொஞ்சம்கூட ஏறவில்லை. "யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு மேனேஜர் சத்தியம் வாங்கிப்போட்டாருங்க அம்மணி. எனக்கும் வேலை வேணுமல்லங்க."

"லிஸ்ட்ட சொல்லச் சொல்லலீங்க. ரகசியத்த நீங்களே வெச்சுக்கோங்க. போங்கன்னு ஒரு வார்த்தை. நடக்கற தூரத்துல வேலை, புருசனுக்கு முடியல, போங்கன்னு சொல்றதுக்கு யாரு சத்தியம் வாங்குனா? தெருவுல போறவங்ககூட அதச் சொல்லுவாங்களே!"

அக்கா சிலேட்டைத் துடைத்தார், தன் முந்தானையால், ஒன்றுமே இல்லாத இடத்தைத் துடைத்தார். கோவில்பாளையம் போனது.

"உங்கப்பா போனன்னைக்கு" என்று மெதுவாக ஆரம்பித்தார், "மின்னாடியே சொல்லாதது நல்லதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

"அப்பா செத்தாச்சுங்க! அதுக்கு மேல பண்றதுக்கு ஒண்ணுமில்ல. இது அப்படீங்களா? எங்கையில இருந்துச்சு. நான் போன் பண்றத வேடிக்கை பாத்துட்டு உக்காந்திருந்தீங்களே, உங்களுக்கு மனசு வந்துச்சுங்களா?"

கண்டக்டர் வந்து, "என்னங்கம்மா, ஏதாச்சும் பிரச்சனைங்களா?" என்றார். ஒன்றுமில்லை என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையாட்டினோம். அவர் போன பிறகு அக்கா என் பக்கம் திரும்பினார். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் எதையாவது கண்டுபிடிக்க முடியாதா என்று பதினோரு வருஷம் பார்த்தவள் நான். அன்றைக்கு எல்லாமே தெரிந்தது.

"நீங்க போயிட்டா நான் யாரோடங்க வருவேன்?" என்றார்.

கிணத்துக்கடவில் இறங்கிவிட்டேன். பின்னால் "அம்மணி, அம்மணி" என்று கூப்பிட்டது கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த வண்டியில் ஏறி வேலைக்குப் போனேன், அந்த மாதக் கடைசியில் ஒன்பது பேரில் ஒருத்தியாக வெளியே வந்தேன். ஏழு மாதம் வீட்டில் இருந்தேன். மகள் ஒரு வருஷம் படிப்பை நிறுத்தினாள். அக்காவை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை, அவரும் வரவில்லை.

ஆறு வருஷமாகிறது. வாயில் வந்தபடியெல்லாம் அவரை மனசுக்குள் திட்டியிருக்கிறேன், இனியும் திட்டுவேன். துரோகம் துரோகம்தான், அதற்கு வேறு பெயர் கிடையாது. ஆனால் கர்த்தருக்கு முன்னால் பொய் சொல்ல முடியாது. யாரோடங்க வருவேன் என்று அவர் கேட்டாரே, அதைக் கேட்டதும் எனக்கு ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது. என் வேலை போய், என் மகள் படிப்பு நிற்கப்போகிற நேரத்தில், இந்த மனுஷிக்கு நான் இவ்வளவு வேண்டியிருக்கிறேனே என்று சந்தோஷமாக இருந்தது. அவரை மன்னித்தாலும் மன்னித்துவிடுவேன். அந்த ஒரு நொடிக்காக என்னை நான் எப்படி மன்னிப்பது என்றுதான் தெரியவில்லை.